‘டிக்’குக்கும் ‘டமாரு’க்கும் நடுவில்

விஸ்டம், மொன்டானா
டிசம்பர் 3, 1982

வெர்னா அக்கா,

நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. நீ வீட்டில் மருந்து அடைத்துப் போட்டுக்கொடுத்த தோட்டா பெட்டூனியாவைக் கொன்றுவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் லைன் பொது லைன் என்பது உனக்குத் தெரியும். நான் ரிசீவரை எடுத்தாலே நாலு வீட்டில் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். ஏற்கெனவே பள்ளத்தாக்கு முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சீசனின் கடைசி வாரம். காசு கொடுத்து வருகிற வெளியூர் விருந்தாளிகளையெல்லாம் எல்க் மான் வேட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டி முடித்தாயிற்று. முதலாளி கஸ்ஸும் நானும் எங்கள் வீட்டுக் கறிக்காக மலையேறினோம். காலையில் பூஜ்யத்துக்குக் கீழே இருபதைத் தாண்டிய குளிர். சரிவில் ஒரு பெட்டை எல்க் நின்றது. குறி வைத்து விசையை அழுத்தினேன். ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். தோட்டா செத்துவிட்டது என்று நினைத்துத் துப்பாக்கியை இறக்கினேனா, இறக்கத் தொடங்கினேனா, எனக்கே தெரியவில்லை. அதற்குள் ‘டமார்’! குண்டு கீழே மரத்தடியில் கட்டியிருந்த பெட்டூனியாவின் கழுத்தில் பாய்ந்தது. அவள் ஒரு சத்தமும் போடவில்லை. முட்டி மடங்கி உட்கார்ந்தாள், பிறகு படுத்துவிட்டாள்.

கஸ்ஸின் கோவேறு கழுதை வரிசையில் எப்போதும் முன்னால் நடப்பவள் அவள்தான். பனியில் வழி தெரியாமல் போகும்போதெல்லாம் அவள் வாலைப் பார்த்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்திருக்கிறோம். கஸ் தன் தொப்பியைக் கழற்றி அவள் முகத்தின் மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“விரலை எங்கடா வச்சிருந்தே?”

“அழுத்தினேன் அண்ணே, வெடிக்கல. அப்புறமா வெடிச்சுது.”

“அப்புறமாவா? தோட்டா என்ன உன்னை மாதிரியா, ரெண்டு தடவை எழுப்பினாத்தான் எந்திரிக்கும்கிறதுக்கு?”

குழல் முனை எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் பின்னால் விருந்தாளிகளை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். ஏப்ரலில் கழுதைகளை மேய்ச்சலிலிருந்து இறக்கும்போது நான் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வாராம். வழிகாட்டி வேலையை விட்டால் எனக்கு இந்த ஊரில் வேறு என்ன தெரியும்? கடைசியில் ஒன்று சொன்னார்: “உங்க அக்கா பொய் பேசாது. அது செஞ்ச தோட்டா லேட்டா வெடிக்கும்னு அதுவே கைப்பட எழுதட்டும், நம்புறேன்.”

எழுதிக்கொடு அக்கா.

மெர்ல்


லூயிஸ்டன், ஐடஹோ
டிசம்பர் 11

மெர்ல்,

பெட்டூனியாவுக்காக அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வந்திருந்தபோது என் வைக்கோல் தொப்பியைத் தின்றவள், ஆனாலும் அழுதேன்.

அடுத்தது உன் முதல் வரி. நான் போட்டுக்கொடுத்த தோட்டா கொன்றுவிட்டதாம். அந்த வரியை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். ஒவ்வொரு பித்தளைக் கூட்டுக்கும் வெடிமருந்தை நான் தராசில் நிறுத்துப் போடுகிறேன். ஃப்ளாய்ட் கராஜ் வாசலில் நின்று தும்மினால்கூட மறுபடி நிறுக்கிறேன். புருஷன் தும்முவதற்கே பயப்படுகிற வீடு இது.

உனக்குச் செய்ததில் கொஞ்சம் என்னிடம் மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி கிளப் மைதானத்துக்கு எடுத்துப்போய்ப் பாதியைச் சுட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தாமதிக்கவில்லை. இலக்கு அட்டையில் குண்டுகள் எல்லாம் ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. இதைப் பார்த்த பிறகு, லேட்டாக வெடிக்கும் என்று நான் எப்படி எழுதுவேன்? தெரிந்தே பொய் எழுதச் சொல்கிறாயா?

உன் துப்பாக்கியைத்தான் சந்தேகிக்கிறேன். உள்ளே இருக்கிற ஊசி போய், தோட்டாவின் அடியில் பதித்திருக்கிற பிரைமரை ஓங்கி அடிக்க வேண்டும். அதில் பொறி பறந்தால்தான் மருந்து பற்றும். நீ எண்ணெயை ஊற்றி வைத்திருப்பாய். அந்தக் குளிரில் எண்ணெய் தேனாக இறுகியிருக்கும், ஊசி தூங்கி வழிந்துகொண்டு போயிருக்கும். கழற்றிப் பார்.

‘டிக்’ என்றால் குழலை அசைக்காதே, இலக்கின் மேலேயே வைத்துக் காத்திரு என்று உனக்கு எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்? அதைச் செய்திருந்தால் ஒரு மரத்துக்குத்தான் ஓட்டை விழுந்திருக்கும். கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் இந்த வரியைக் கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

ஹக்கிள்பெரி ஜாம் தனியாக அனுப்பியிருக்கிறேன். அது வேறு விஷயம்.

வெர்னா


விஸ்டம்
டிசம்பர் 20

அக்கா,

ஜாம் வந்தது. நன்றி. கோபம் அப்படியே இருக்கிறது.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். எண்ணெய் ஒரு பொட்டுக்கூட இல்லை, எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் எண்ணெய் போடக் கூடாது என்பது இங்கே கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பிறகு அடுக்களை அலமாரியிலிருந்து உன் தோட்டாக்களில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். நல்ல குளிர்தான், மூக்கு மயிர் விறைத்தது. ஒவ்வொன்றாகச் சுட்டேன். ஒன்று லேட்டாக வெடித்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே சுட்டேன். அத்தனையும் தொட்டவுடன் வெடித்தன! ஒழுங்காக வெடித்ததற்காக ஒருத்தன் அழுததை நீ பார்த்திருக்கமாட்டாய்.

இப்போது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நீயும் சரி, துப்பாக்கியும் சரி என்றால், மிச்சம் இருப்பது நான்தான். ராத்திரி படுத்தால் விரல் தானாக அசைகிறது. ஒரு தடவை அழுத்தினேனா, பயந்துபோய் இரண்டாவது தடவையும் அழுத்தினேனா? அந்த ‘டிக்’ உண்மையிலேயே கேட்டதா, இல்லை பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டதா? முதல் வாரம் சத்தியம் செய்திருப்பேன். இப்போது செய்யமாட்டேன்.

தபால் ஆபீஸில் அந்தம்மா என்னிடம், “மெர்லு, ஸ்டாம்பை ஒட்டிட்டுத் தள்ளி நில்லு, அப்புறமா ஒட்டினாலும் ஒட்டும்” என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

கஸ் இப்போதெல்லாம் காபிக் கடையில் எனக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்காருவதில்லை. ஒன்று விட்டு உட்காருகிறார். நடுவில் அந்த ஸ்டூல் காலியாகவே கிடக்கிறது.

மெர்ல்


லூயிஸ்டன்
ஜனவரி 4, 1983

மெர்ல்,

கிறிஸ்துமஸ் அன்று போனில் நீயும் நானும் பனியைப் பற்றியே பேசி முடித்தோம். லைனில் யாரோ இருமினார்களே, அவருக்கு உடம்பு தேறிவிட்டதா?

உன் கடிதத்தை ஃப்ளாய்டுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எப்போதும் போல் பேச்சை மாற்றப் பார்த்தார். பிறகு, “பையன் பொய் சொல்றவன் இல்லையே வெர்னா” என்றார். எனக்கும் அது தெரியும். நீ திருடுவாய், முக்கியமாக என் இனிப்பை. ஆனால் பொய் சொன்னதில்லை. அதனால்தான் இது எனக்கும் குழப்பமாக இருக்கிறது. நீயும் பொய் சொல்லவில்லை, என் இலக்கு அட்டையும் பொய் சொல்லவில்லை.

மறுபடி உட்கார்ந்து யோசித்தேன். கூடு வழக்கமாக உனக்குப் போடுகிற அதேதான். குண்டு அதேதான். அதே உருண்டை மணி மருந்து, அதே நிறை. பிரைமரை மட்டும் நீ கேட்டபடி, சூடு குறைந்த சாதுவானதாக மாற்றினேன். அதில் குறை வர வழியே இல்லை. அதைப் போட்டுத்தான் போன வருஷம் மாநிலப் போட்டியில் கோப்பை வாங்கினேன்.

எனக்கு இதை மட்டும் சொல். அன்றைக்கு முந்தின ராத்திரி துப்பாக்கி எங்கே இருந்தது?

வெர்னா


விஸ்டம்
ஜனவரி 12

அக்கா,

நான் கேட்டபடியா? பிரைமரை மாற்று என்று நான் எப்போது கேட்டேன்? உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்று பக்கத்து வீட்டுக்காரனிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

ஜூலை நாலாம் தேதி உன் வீட்டு விருந்தில் நான் சொன்னது இதுதான்: “அக்கா, இந்த வருஷம் எனக்குச் சூட்டைக் கொஞ்சம் கொறச்சுப் போடு.” தோட்டா செய்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பார். சூடான தோட்டா என்றால் மருந்து நிறைய, தோளில் உதை நிறைய. சூட்டைக் குறை என்றால் மருந்தைக் குறை. நான் மருந்தைச் சொன்னேன். நீ மருந்தை அப்படியே விட்டுவிட்டு, அதைக் கொளுத்துகிற பிரைமரின் சூட்டைக் குறைத்திருக்கிறாய்! பாயிலருக்கு நிலக்கரியைக் குறை என்றால் தீக்குச்சியைச் சின்னதாக்கித் தருகிறாயே!

துப்பாக்கி எங்கே இருந்தது என்று கேட்கிறாய். வேறெங்கே இருக்கும்? கூடாரத்துக்கு வெளியே, மரக்கிளையில். சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், காலையில் அந்த வியர்வை உறைந்து எல்லாம் இறுகிவிடும். நாங்கள் எல்லோரும் வெளியேதான் தொங்கவிடுவோம். தோட்டாக்களும் துப்பாக்கிக்குள்ளேயே இருந்தன, குழலுக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. இதில் என்ன இருக்கிறது?

மெர்ல்


லூயிஸ்டன்
ஜனவரி 21

மெர்ல்,

அந்த விருந்து எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் ஃப்ளாய்டிடம் பிரைமரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். வலுவான பிரைமர் போட்டால் சூடு அதிகம், என் குண்டுகள் சிதறுகின்றன, சாதுவானதற்கு மாறியதும் ஒன்றாகச் சேர்கின்றன என்று. நீ சோளத்தைக் கடித்துக்கொண்டே வந்தாய். “எனக்கும் சூட்டைக் கொற” என்பது போல ஏதோ வாய்க்குள் சொன்னாய். அந்த நேரத்தில் எனக்கு வேறு எந்தச் சூடு தோன்றும்? உன் வாயில் பாதிச் சோளம் இருந்தது!

ஆனால் நீ மரக்கிளை என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. நான் சுட்டது இங்கே ஸ்வெட்டர் போட்டால் போதும் என்கிற பகலில். நீ கொட்டகைக்குப் பின்னால் சுட்டாயே, அந்தத் தோட்டாக்கள் அடுப்பு எரிகிற அடுக்களையிலிருந்து வந்தவை. மலையில் வெடித்தது ராத்திரி முழுக்க விறைத்துக் கிடந்தது. நாம் இரண்டு பேரும் வேறு வேறு தோட்டாவைச் சுட்டுவிட்டு ஒரே தோட்டாவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோமோ?

அதனால் சிலவற்றை ஃப்ரீஸரில் ஃப்ளாய்டின் மீனுக்குப் பக்கத்தில் வைத்து, மறுநாள் சுட்டேன். எல்லாம் ஒழுங்காக வெடித்தன. மறுபடி தலை சுற்றியது. பிறகுதான், மைதானம் போய்ச் சேருவதற்குள் காரின் ஹீட்டரில் அவை சூடாகியிருக்கும் என்று ஃப்ளாய்ட் சொன்னார். அதுவும் உண்மையா என்று தெரியவில்லை. இதுவரை எனக்குத் தெரிந்தது என்று நினைத்ததெல்லாம் இந்த மாதம் சேறாகிவிட்டது.

நேரில் வருகிறேன். மிச்சத் தோட்டாக்களை உன் துப்பாக்கிக்குள்ளேயே போட்டு வெளியே தொங்கவிடு. வலுவான பிரைமர் போட்டதும் சில கொண்டுவருகிறேன், அவையும் பக்கத்திலேயே தொங்கட்டும்.

இன்னொன்று. உதையைக் கண்டு நீ என்றைக்கு பயந்தாய்? ஏன் குறைக்கச் சொன்னாய்?

வெர்னா


லூயிஸ்டன்
பிப்ரவரி 8

மெர்ல்,

வீடு வந்து சேர்ந்தேன். உன் ஊர்க் குளிரில் இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் என் காது கழன்று விழுந்திருக்கும்.

நீ பின்னால் நின்று பார்த்தாய். ஆனால் எனக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, கிளம்பும்போது சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி முழுக்க உன் மரக்கிளையில் தொங்கிய தோட்டாக்களில் முதலாவது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. திரும்பி, “பாத்தியா?” என்று உன்னைக் கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் இருந்தது என் புண்ணியம். மூன்றாவது ‘டிக்’ என்றது. பிறகு ‘டமார்’.

இலக்கு அட்டையில் ஓட்டையே இல்லை. உன் வேலிக் கம்பத்தில் இருந்தது. ‘டிக்’ என்றால் குழலை அசைக்காதே என்று கிளப்பில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள் நான். எனக்கு முன்கூட்டியே தெரியும், எதிர்பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படியும் அசைத்துவிட்டேன். ‘டிக்’குக்கும் ‘டமாரு’க்கும் நடுவில் யோசிப்பதற்கு இடமே இல்லை. கண் இமைக்கிற நேரம்தான், உடம்பு அதற்குள் ஏமாந்து போகிறது. உன்னைத் திட்டி எழுதினேனே, அந்த வரியை இப்போது அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

வலுவான பிரைமர் போட்டவை அதே கிளையில் தொங்கி, அதே காலையில், ஒன்றுவிடாமல் வெடித்தன. பெரிய கூடு நிறைய உருண்டை மருந்து, அந்தக் குளிரில் ஈர விறகு மாதிரி. சாதுவான பிரைமர் பொறியைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. சில நேரம் பற்றிக்கொள்கிறது, சில நேரம் யோசித்துப் பற்றுகிறது. வெயிலில் எனக்குக் கோப்பை வாங்கித் தந்த அதே பிரைமர்தான். மலை வேட்டைக்கு அதைப் போட்டது என் தப்பு. குளிர் தேசத்துக்குப் போகிறவர்களுக்கு நான் செய்துகொடுத்ததையெல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பார்க்கவே கூசுகிறது.

கஸ்ஸுக்கு எழுதியது இத்துடன் இருக்கிறது. ஒட்டவில்லை, நீயும் படி. நீ சூட்டைக் குறைக்கச் சொன்னதையும் நான் தப்பாகப் புரிந்துகொண்டதையும் எழுதியிருக்கிறேன். ஏன் குறைக்கச் சொன்னாய் என்பதை மட்டும் எழுதவில்லை.

காபிக் கெட்டிலை நீ இடது கையால் தூக்கினாய். என் பெட்டியையும் இடது கையால்தான் காரில் ஏற்றினாய். வேட்டைக்கோட்டை மாட்டும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாய். மெர்ல், நீ இடக்கையன் இல்லை. கஸ் படித்தால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

வெர்னா


விஸ்டம்
ஏப்ரல் 24

அக்கா,

இவ்வளவு நாள் பதில் போடாததற்கு நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். கஸ்ஸுக்கு நீ எழுதியதை மார்ச் முழுக்கக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நான் கவனக்குறைவானவன் இல்லை என்று அது நிரூபிக்கும். ஆனால் அதைப் படித்த உடனே அவர் கேட்கப்போகிற கேள்வியும் எனக்குத் தெரியும். கொடுத்தாலும் வேலை போகும், கொடுக்காவிட்டாலும் போகும். தினமும் கடைக்குப் போவேன், பையைத் தொட்டுப் பார்ப்பேன், காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

கழுதைகளை இறக்குகிற அன்று தொழுவத்தில் அவரிடம் கொடுத்தேன். வேலியில் சாய்ந்து, உதட்டை அசைத்து அசைத்து முழுக்கப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“உங்க அக்கா எழுதிருச்சுன்னா சரிதான்டா. லேட்டாத்தான் வெடிச்சிருக்கு. உன்னை ரொம்பப் பேசிட்டேன்” என்று கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்திருக்கலாம். குலுக்கினேன், வலியில் பல்லைக் கடித்தேன். அவர் கையை விடவில்லை.

“ஆமா, எதுக்குடா சூட்டைக் கொறைக்கச் சொன்னே?”

சொல்லிவிட்டேன் அக்கா. ஜூன் மாதம் அந்தப் புதுக் குதிரை என்னைப் பாறையில் தூக்கி அடித்தது, அன்றிலிருந்து வலது தோளில் வலி, கையைத் தூக்க முடியவில்லை, முழு மருந்துத் தோட்டாவின் உதையைத் தாங்க முடியவில்லை, வேலை போய்விடும் என்று மறைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கழுதைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். “தோட்டா லேட்டா வெடிச்சா அது உன் தப்பு இல்ல. ஆனா நீ ஒரு பக்கம் நானு ஒரு பக்கம் நின்னு கழுதை மேல பெட்டி ஏத்துறோம். உன் கை விட்டுச்சுன்னா கீழ நிக்கிறவன் மண்டை போயிடும். அதை என்கிட்ட சொல்லாம இருந்தே பாரு, அதுதான்டா எனக்கு வலிக்குது.”



இந்த வருஷம் நான் வழிகாட்டி இல்லை. டாக்டர் கையெழுத்துப் போடும் வரை மலை முகாமில் சமையல்காரன். “சமைக்கத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “பரவால்ல, விருந்தாளிங்க பசியில குதிரைச் சேணத்தைக்கூடத் தின்னுவாங்க” என்றார். நான் கூட்டிப்போக வேண்டிய ஆட்களுக்கு நானே முட்டை பொரித்துக் கொடுத்து, வேறு ஒருத்தன் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதைக் கரண்டியோடு நின்று பார்க்கிறேன். கஷ்டமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

கரடி வேட்டை சீசனின் முதல் காலை கஸ் கோப்பையை நீட்டி, “நல்லா சூடா ஊத்துடா” என்றார்.

“எந்தச் சூடு அண்ணே?” என்று கேட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

கூடாரத்தில் எல்லோரும் கஸ்ஸைப் பார்த்தார்கள். கஸ் என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார், காபி சிந்துகிற அளவுக்கு. பெட்டூனியா போனதிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விறகுக் குவியலில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் பியூட் நகரில் டாக்டரைப் பார்க்கிறேன். தோள் தேறியதும் எனக்குத் தோட்டா போட்டுக்கொடு. வலுவான பிரைமர்தான், அதில் பேச்சே இல்லை. மருந்து எவ்வளவு என்பதை நேரில் வந்து, உனக்கு எதிரே உட்கார்ந்து, வாயில் சோளம் இல்லாமல் சொல்கிறேன்.

மெர்ல்